நான் போகாமல் விட்ட வீடு

கண்ணு,

ஆடி பிறந்த முதல் ஞாயிறு, பொழுது சாய நீ போன் பண்ணியபோது நான் மறுநாள் விற்கிற இட்லி மாவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியதால் உன் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது. ஆனாலும் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது. ஆவணியில் கல்யாணம். அங்கே புனேயிலேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு சின்னதாக ஒரு சாப்பாடு. பெண் உன்னோடு வேலை பார்க்கிறவள். எனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாய், வந்தால் அப்படியே இருந்துகொள்ளலாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "சபைக்காரங்க யாருகிட்டயும் சொல்லாதம்மா, அவுங்க நாயம் எனக்கு வேண்டாம்" என்றாய். நான் சரி என்றேன். அந்தச் சரியை நான் காப்பாற்றவில்லை. மெர்சியிடம் சொல்லிவிட்டேன். அதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவள் இல்லை. நான் சொல்லச் சொல்ல ரூபி எழுதுகிறாள். போத்தனூரில் தையல் கடை வைத்திருக்கிறாளே, நம் சபை ரூபிதான். எழுதுகிறவள் என்பதால் இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஈரோட்டில் பத்தாவது வரை படித்தவள் என்பதால் என் பேச்சை எழுத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறாள். "சுருக்கமாச் சொல்லுங்க்கா, கை கடுக்குது" என்கிறாள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு எங்கே வரும்? உன் அப்பா இருந்தவரை, மதுக்கரை சந்தைக்குப் போய் வந்த கதையை நான் சொல்ல ஆரம்பித்தால் கத்திரிக்காய்க்கு வந்து சேருவதற்குள் அவர் தூங்கிவிடுவார். நீயும் நடுவில் தூங்கினால் தூங்கிக்கொள், பிறகு எழுந்து மீதியைப் படி.

இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உன் கையைப் பிடிக்கப்போகிற பெண்ணுக்கு இதை நீ படித்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதனால் ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நீ காலேஜ் படிக்கும்போது, வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டிய இரண்டு பையன்கள் சித்திரை வெயிலில் நம் வாசலில் வந்து நின்றார்கள். நான் மோர் கொடுத்தேன். மோருக்கு வந்தவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள், நீ அவர்களோடு போனாய், கடைசியில் தண்ணீரில் முழுக்கி எடுத்து உன்னைச் சபையில் சேர்த்தார்கள். பின்னாலேயே நானும் போனேன். தேடிப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நீயும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இல்லாவிட்டால் நான் சுவரோடு பேச வேண்டியிருக்கும் என்றுதான் போனேன். மார்மன்காரர்கள் என்று ஊரில் எங்களைச் சொல்வார்கள். இந்துக்களுக்கு நாங்கள் கிறிஸ்தவர்கள், மற்ற கிறிஸ்தவர்களுக்கு நாங்கள் வேறு என்னமோ. காப்பி, டீ குடிக்க மாட்டோம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஈஸ்வரி இன்னும் என்னைப் பார்த்தால், "காப்பித்தண்ணி இல்லாம காலையில எப்படிங்க்கா கண்ணு முழிக்குது?" என்றுதான் கேட்கிறாள்.

எங்களுக்குச் சம்பளம் வாங்கும் பாஸ்டர் கிடையாது. எல்லா வேலையும் எங்களுக்குள்தான். பெண்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு உண்டு. அதில் பாடம் நடத்துவதும் முறை வைத்துப் பெண்கள்தான். அப்புறம் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் சில வீடுகளைக் கொடுப்பார்கள். மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். சீக்கு என்றால் கஞ்சி வைத்துத் தர வேண்டும், வெசனம் என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் போகிற வீடு என்று சில இருக்கும், என் வீட்டுக்கு வருகிறவர்கள் என்று வேறு இருவர் இருப்பார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. பெண்களுக்குத் தலைவியாக இருக்கிறவர் ஜெபம் பண்ணிப் பேர் போடுவார்.

நான் முதன்முதலில் சபைக்குப் போனபோது என் வீட்டுக்கு வந்தவள் சரோஜாக்கா. குனியமுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். வாய் திறந்து ஜெபம் பண்ண எனக்குக் கூச்சம். கோயிலில் கும்பிட்டுப் பழகியவளுக்கு, கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகப் பேசு என்றால் எப்படிப் பேசுவது? மாவு அரைக்கும் கல் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கல்லுச் சத்தத்துல யாருக்கும் கேக்காது புள்ள. சும்மா பேசு. உப்பு இல்லேன்னா உப்பு இல்லேன்னு சொல்லு" என்பாள். கல் நின்ற பிறகும் நான் பேசிக்கொண்டே இருந்த அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள். எனக்குச் சொந்த அக்கா இருந்திருந்தாலும் அத்தனை நெருக்கம் இருந்திருக்காது. அவள் மகள்தான் மெர்சி. நீயும் அந்த வெள்ளைச் சட்டைப் பையன்களைப் போல இரண்டு வருஷம் வெளியூருக்கு ஊழியத்துக்குப் போய்த் திரும்பி வந்ததும், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையைப் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும் சபை மாடிப்படியிலேயே உட்கார்ந்து சம்பந்தம் பேசி முடித்துவிட்டோம். தட்டு மாற்றினோம். மெர்சி என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நீ புனே போனாய். அங்கே சபைக்குப் போவதை முதலில் குறைத்தாய், பிறகு நிறுத்தினாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அது உனக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது. ஆனால் மெர்சி வேண்டாம் என்று நீ அவளுக்குப் போனில் எழுதி அனுப்பினாயே, அது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சரோஜாக்கா சொல்லித்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் வந்து, "உங்க பையன் சொல்லி அனுப்பிட்டாருங்க. தட்டுச் சாமானெல்லாம் அடுத்த வாரம் கொண்டாந்து குடுத்துடறனுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தச் சாமானுங்க்கா?" என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது. கோபத்தோடு வந்தவளுக்கு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது பார், அதை அவளால் தாங்க முடியவில்லை. சட்டென்று திரும்பிப் போய்விட்டாள். உன்னைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒத்து வராத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஒரு பெண்ணை அழவைப்பதைவிட, முன்னாலேயே சொல்வது மேல்தான். சொன்ன விதம்தான் எனக்கு ஆறவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ரொம்ப நீளமாகிவிட்டன. நாற்பது ஐம்பது பேர் இருக்கிற சபை. ஒரே மாடி, ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்க் குழாய். ஒளிய இடமில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். நம் ஊர் மரியாதை உனக்குத் தெரியுமே. வாங்க, உக்காருங்க, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேறு யாரையோ பார்ப்பார்கள். திங்களிலிருந்து சனி வரை மாவுக்கு வருகிறவர்களோடு பேசுவேன், அரைப் படி, கால் படி, புளிச்சது வேணுமா புளிக்காதது வேணுமா. அவ்வளவுதான் என் பேச்சு. நீ ஞாயிற்றுக்கிழமை பண்ணுகிற போனில் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோகும்.

ஒரு வருஷம் கழித்து வீடுகளை மாற்றிக் கொடுத்தார்கள். தலைவி ஷீலாம்மா, மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கும் ரூபிக்கும் சரோஜாக்கா ஊடுங்க" என்றார். "ஏனுங்கம்மா, அந்த ஊட்டைத் தவிர வேற இல்லீங்களா?" என்றேன். "ஜெபம் பண்ணித்தானுங்க பேர் போட்டேன். நெசத்தைச் சொன்னா எனக்கே புடிக்கலீங்க்கா. மாத்திப் போடலாம்னு திரும்பவும் முட்டி போட்டேன். திரும்பவும் அதே பேருதானுங்க வருது" என்றார். வெளியே வந்ததும் ரூபி, "அவுங்களுக்கு முட்டி வலி, அதான் மூணாவது தடவை கேக்கல" என்றாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள் பார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் போவோம். நான் கொஞ்சம் மாவு கொண்டுபோவேன். சரோஜாக்கா கேட்டைத் திறப்பாள். வாங்க என்பாள். நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். சுக்கு மல்லி வைத்துத் தருவாள். முதல் தடவை ரூபி அதைப் பார்த்துவிட்டு, "இதையும் ஊருக்குள்ள காப்பின்னுதானுங்க சொல்றாங்க, குடிக்கலாம்ங்களா?" என்று கேட்டாள். அதற்குக்கூட சரோஜாக்கா சிரிக்கவில்லை. நாங்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், நாங்களாக நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். மெர்சி ஒரு தடவை எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். கிளம்பும்போது ரூபி சின்னதாக ஒரு ஜெபம் பண்ணுவாள். கேட் வரைக்கும் வந்து வழியனுப்புவாள் சரோஜாக்கா. அவ்வளவுதான்.

இப்படி ஒரு வீட்டுக்கு மாதா மாதம் எதற்குப் போனாய் என்று கேட்பாய். முதலில் போனது பேர் போட்டுக் கொடுத்ததால்தான். ஆனால் பிறகு அந்தச் சனிக்கிழமைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். முந்தின நாளே உளுந்தைக் கொஞ்சம் கூடப் போட்டு, அவளுக்கென்று தனியாக மாவு ஆட்டுவேன். அந்த வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை என்றாலும், உன்னை நன்றாகத் தெரிந்தவர்கள், உன்னைப் பிடித்திருந்தவர்கள், இந்த ஊரில் அவர்கள் இரண்டு பேர்தான். அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் வாங்கப் போயிருக்கிறேன்.

நடுவில் பெண்கள் வகுப்பில் பாடம் நடத்த என் முறை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாது, என்னை விட்டுவிடுங்கள் என்றால் ஷீலாம்மா கேட்கவில்லை. "ரூபி படிக்கட்டும், நீங்க பேசுங்க" என்றார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது பற்றிய பாடம். எங்கள் வகுப்பில் பாடம் நடத்துகிறவர் பிரசங்கம் பண்ணக் கூடாது. கேள்வி கேட்க வேண்டும். உட்கார்ந்திருக்கிறவர்கள் கையைத் தூக்கித் தங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒருத்திக்கு ஒருத்தி பாடம். ரூபி படித்து முடித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பாவின் அப்பா மூட்டை தூக்கிய கதையில் ஆரம்பித்து, அங்கே இங்கே சுற்றி, எங்கே வந்து நின்றேன் என்றே தெரியாமல், மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "உங்க பாரத்தைத் தூக்கறேன்னு யாராச்சும் வந்து நின்னப்ப, வேண்டாம் போங்கன்னு உங்களுக்குத் தோணியிருக்குங்களா?"

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சரோஜாக்கா.

"தோணுமுங்க. மாசா மாசம் தோணுது. கேட்டுச் சத்தம் கேட்டதும் அதுதானுங்க மொதல்ல தோணும்."

வகுப்பே தரையைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. ஷீலாம்மா நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று, "ஆனாலும் நீங்க கதவைத் தொறக்கறீங்க, பாருங்க. அது எதனாலைங்க்கா?" என்று கேட்டார்.

"வெயில்ல நிக்கறாங்களே, அதனாலதானுங்க."

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சரோஜாக்காவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கீழே படியில் ரூபி என் காதில், "ஒரு வருசத்துல இன்னைக்குத்தான் அந்தம்மா நெசம் பேசியிருக்காங்க, நல்ல சகுனம்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகப் போனேன். சரோஜாக்கா உண்மையிலேயே கொஞ்சம் இளகியிருந்தாள். முதுகு வலி பற்றிச் சொன்னாள், அரிசியில் வண்டு விழுவதைப் பற்றிச் சொன்னாள். நான் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். உள்ளே அறையில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் கதவு நாங்கள் கிளம்பும்வரை திறப்பதில்லை என்பதை நான் நினைக்கவே இல்லை. என் கண் முழுக்க சரோஜாக்கா மேல்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் உன் போன் வந்தது. போனை வைத்த பிறகு களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தேன். நீ சொன்ன இன்னொரு வார்த்தையும் இருந்ததே. "அந்தப் பொம்பளைங்க உன்னையப் பாக்க வர்றதுகூட சொல்லி அனுப்பறதாலதாம்மா. உம்மேல பாசத்துலயா வர்றாங்க?" அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற யோசனை. இந்தக் காலத்தில் எதுவும் மறையாது. மாலையும் கழுத்துமாக உன் படத்தை உன் கூட்டாளி ஒருத்தன் போனில் போடுவான், சபையில் ஒரு பிள்ளை அதைப் பார்க்கும், மெர்சி தண்ணீர்க் குழாயடியில் நிற்கும்போது யாராவது போய்க் காட்டுவார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் மாவைத் தூக்கிக்கொண்டு, எல்லாம் தெரிந்தும் சொல்லாதவளாக அந்தக் கேட் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எப்படி உட்காருவேன்? சொன்னால் அந்த வீடு போய்விடும் என்றும் தெரியும். சொல்லாமல் போனாலும் போகும். எப்படியும் போகிற வீட்டை, நேராகச் சொல்லிவிட்டு இழப்பது என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் வழக்கப்படி இரண்டு பேராகப் போக வேண்டும். நான் ரூபியைக் கூப்பிடவில்லை. சரோஜாக்காவிடமும் போகவில்லை. இது மெர்சிக்குச் சேர வேண்டிய சேதி. உக்கடத்தில் அவள் ரத்தம் எடுக்கிற லேப்பில் வேலை பார்க்கிறாள். வேலை விட்டு அவள் பஸ் ஏறுகிற இடத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "ஏனுங்கத்தை, மாவு போட இத்தனை தூரமா வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இன்னும் அத்தைதான் அவளுக்கு நான்.

"உன்னைப் பாக்கத்தான் கண்ணு."

பக்கத்துக் கடையை ஒட்டின சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை. என் வாழ்க்கையில் சுருக்கமாகச் சொன்ன சேதி அது ஒன்றுதான். அவள் சாப்பாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பஸ் ஒன்று வந்து போனது.

"பொண்ணு எந்தூருங்க?"

"அங்கத்த புள்ளதான் சாமி. கூட வேலை பாக்குதாம்."

"அவரு சொல்லச் சொன்னாருங்களா?"

"இல்ல கண்ணு. சொல்லாதேன்னுதான் சொன்னான்."

"அதான பாத்தேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நேரம் அப்படியே முகத்தில் நின்று, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் போனது. "நல்லா இருக்கட்டுங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள். நான் எழுந்திருக்கப் போனேன். அவள் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"இனி எங்க ஊட்டுக்கு வராதீங்க." காரணத்தையும் அவளே சொன்னாள். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்கத்தை. நீங்க நடந்து வர்றது அப்படியே அவரு நடந்து வர்றதுங்க. எடது காலை லேசா இழுக்கறது, கேட்டுக்கு முன்னாடி செருப்பைத் தட்டறது, எல்லாம். உள்ளார உக்காந்திருக்கறப்ப ஒவ்வொரு தடவையும் அவருதான்னு ஒரு நிமிசம் நெனச்சுப்போடறேன். அப்புறம் ரூபியக்கா சத்தம் கேக்கும். மாசா மாசம் இதே ரோதனைங்க. அம்மாவுக்கு நீங்க வர்றது புடிக்க ஆரம்பிச்சிருச்சு, அதனால நான் சொல்லல. இப்ப சொல்லலாம்னு தோணுது."

உன் நடை என் நடை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, கண்ணு. உன் அப்பா சாயல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டு ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை மாதமும் நான் ஒரு பெண்ணின் ஆறாத இடத்தை மிதித்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன் என்று இன்னொரு பக்கம். "சரி கண்ணு, வரலை" என்றேன். அடுத்த பஸ் வந்தது. படி உயரம் என்று அவள் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அவளும் அந்தப் பக்கம் போக வேண்டியவள்தான். ஆனால் அதில் ஏறவில்லை.

மறுநாள் ஷீலாம்மாவிடம் போய், அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். "இப்பத்தானுங்க அவுங்க பேச ஆரம்பிச்சாங்க. சித்த பொறுங்க்கா" என்றார். "பொறுக்க வேண்டியது நான் இல்லீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இப்போது எனக்கும் ரூபிக்கும் வேறொரு வீடு கொடுத்திருக்கிறார்கள். சத்தியமங்கலத்திலிருந்து புதிதாகக் குடி வந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. போய் வந்தோம். நல்ல பிள்ளைதான். ஆனால் அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. போன வெள்ளிக்கிழமை பழக்கத்தில் உளுந்தைக் கூடுதலாக ஊறப்போட்டுவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து, அந்த மாவை ஈஸ்வரிக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டாயே, சொல்லி அனுப்புவதால்தானே வருகிறார்கள் என்று. ஆமாம், சொல்லித்தான் அனுப்புகிறார்கள். என் வீட்டுக்கு வருகிற இருவரும் அப்படித்தான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். யாராவது சொல்லாவிட்டால் நானாக அந்தக் கேட்டைத் தட்டியிருக்க மாட்டேன், வெட்கம் விட்டிருக்காது. போவதற்குத்தான் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. போகாமல் இரு என்று சபையில் யாரும் சொல்லித் தரவில்லை. அதை நானாகத்தான் செய்கிறேன், இனி மாதா மாதம் பாசத்தினால்தான் செய்வேன். இது உனக்குப் புரிகிறதோ இல்லையோ, பெண்களுக்குப் புரியும். உன் பெண்டாட்டியாகப் போகிறவளிடம் கேட்டுப் பார்.

அவளுக்கு இதைப் படித்துக் காட்டும் முன் மெர்சியைப் பற்றி நீயே சொல்லிவிடு, கண்ணு. கல்யாணத்துக்கு முன்னால், எதிரே உட்கார்ந்து, வாயால் சொல். போனில் எழுதாதே. அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற கஷ்டத்தை நீ பட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம் அங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வேலை, வீடு, இரண்டு பேர் சம்பாத்தியம், எல்லாம் சரி. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் கதவைத் தட்டி உள்ளே வர ஒரு பெண் வேண்டும். எந்தச் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் திறந்துவிடு. வேண்டாம் என்று தோன்றினாலும் திறந்துவிடு.

நான் வந்து சேருவேன். ரூபி ரயிலில் இடம் போட்டுவிட்டாள். கல்யாணத்தைக் கண் நிறையப் பார்ப்பேன், அந்தப் பிள்ளைக்கு என் கையால் பூ வைத்துவிடுவேன், மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். ஒழித்து வைத்த அறையைப் பூட்டி வைக்காதே, உங்களுக்கு வேண்டியதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இங்கேயே இருக்கக் கூடாது என்று நீ கேட்பாய். தனியாகத்தான் இருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன், அதற்கு மேல் என்னிடம் காரணம் கேட்காதே.

மெர்சி வீட்டில் சொல்லிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் மாடி ஏறவே கால் வரவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு போய்க் கடைசி வரிசையில், காற்றாடி எட்டாத சுவரோரத்தில் உட்கார்ந்தேன். சரோஜாக்காவும் மெர்சியும் முன்னால் இருந்தார்கள். முதல் பாட்டுக்கு எல்லாரும் புத்தகத்தைப் பிரிக்கும்போது சரோஜாக்கா எழுந்தாள். மெர்சியிடம் என்னமோ சொன்னாள், மெர்சி தலையை ஆட்டினாள். பின்னால் வந்து, நான் இருந்த வரிசையில், நடுவில் ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் புத்தகத்தைப் பிரித்து, அந்தக் காலி நாற்காலிக்கு மேலே நீட்டிப் பிடித்தாள், இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். வரிக்கு அடியில் அவள் விரல் ஓடியது, நான் விரலைப் பார்த்துக்கொண்டு பாடினேன். கை கடுத்து அவளுக்குப் புத்தகம் ஆட ஆரம்பித்தபோது என் பக்கத்து ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது. புத்தகத்தை மூடிக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு, எழுந்து மெர்சியிடம் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வருவாளா, அந்த நாற்காலியை விட்டு உட்காருவாளா, இல்லை வராமலே இருந்துவிடுவாளா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் அங்கே இருக்க வேண்டும், கண்ணு. அதனால் கல்யாணம் முடிந்த மறுநாள் என்னை ரயில் ஏற்றிவிடு.

அம்மா